வெள்ளந்தி ஓடும் ஒன்பது பொட்டிகள்

சங்கிலிபூதத்துக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்வார்கள். அது தப்பு. பிடிக்கும். நம்ப மாட்டார், அவ்வளவுதான். பால்காரர் அளந்து ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரேயே இன்னொரு தடவை அளப்பார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுவே காரணம் என்று அவரே சொல்வார். "வாத்தியாரு பூமி உருண்டைன்னாரு. நீரு பாத்தீராவேன்னு கேட்டேன். வெளிய நில்லுன்னாரு. நின்னேன். அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்."

இப்படிப்பட்ட ஆளிடம்தான் மாவட்டத்தின் ஒரே தன்சொல் நிலையம் இருந்தது. பாளையங்கோட்டையில், குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே, முன்பு அவருடைய பழைய இரும்புக் கடையாக இருந்த தகரக் கொட்டகை.

தன்சொல் நிலையம் எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் எல்லா இயந்திரத்திலும் முன்சொல்லி புகுந்துவிட்டது. போனில், மூக்குக் கண்ணாடியில், காதில் செருகுகிற குமிழில், எதிலும். நீங்கள் ஒரு சொல் ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அது முடித்துவிடும். நன்றாகவே முடிக்கும். நாம் நினைத்ததைவிட நன்றாக முடிக்கும். வம்பு அங்கேதான். வண்ணாரப்பேட்டையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பிரிவு மனு போட்டார்கள். படித்தால் கல்லும் கரையும். பிரிவும் கிடைத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்து, ரசம் வருவதற்குள் பேசிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது. அவர் அடித்தது 'எனக்கு' என்ற ஒரே சொல். அவள் அடித்ததும் 'எனக்கு'. அதற்கு மேல் இரண்டு பேரும் 'சரி' என்ற பொத்தானைத்தான் அமுக்கியிருந்தார்கள்.

இப்படி ஊர் ஊருக்கு நடந்தது. அரசாங்கம் தன்சொல் சட்டம் கொண்டுவந்தது. உயில், பிரிவு, மன்னிப்பு, கல்யாணச் சம்மதம், உரிமம் கேட்பது, இவற்றையெல்லாம் முன்சொல்லி இல்லாத இயந்திரத்தில், வாயை மூடிக்கொண்டு, தானே உட்கார்ந்து எழுத வேண்டும். பேனாவால் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அதைப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா எத்தனை பேர்? அதுவும் போக, எத்தனை தடவை அழித்தார்கள், எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்று பேனா சொல்லாது. கோர்ட் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரு தடவைகூட அழிக்காத மன்னிப்பைக் கோர்ட் நம்புவதில்லை.

முன்சொல்லி இல்லாத இயந்திரத்துக்கு எங்கே போவது? சங்கிலிபூதத்தின் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் அறுபது வருஷத்துக்கு முன்னே வீட்டுக்கு வாங்கிவந்த கம்ப்யூட்டர்கள் அவை. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கியிருக்கும், டிவியில் சொருகினால் ஓடும். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் பரணைச் சுத்தம் செய்தபோதெல்லாம் அவை அவரிடம் எடைக்கு வந்தன. உடைத்து உள்ளே இருக்கிற செம்பை எடுக்க வேண்டியதுதானே? எடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். அப்படி ஒன்பது சேர்ந்தன.

மொத்த ஞாபகசக்தியே அறுபத்து நாலு கே.பி. இன்றைய போனில் எடுத்த போட்டோவில் உங்கள் மூக்கு நுனி மட்டும் அடங்குகிற அளவு. முன்சொல்லியின் சுண்டு விரலைக்கூட அதற்குள் திணிக்க முடியாது.

அதில் ஓடுவது வெள்ளந்தி. அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் கிரேஸ்லின். கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை, நாற்பத்திரண்டு வயது, கெட்டிக்காரி. முதல் நாள் அவர்கள் பேசிக்கொண்டது இது.

"சும்மாவா குடுக்காங்க?"

"சும்மாதான் அண்ணாச்சி."

"எதுக்குச் சும்மா குடுக்கான்? நாளைக்கு வந்து என்னத்தக் கேப்பான்?"

"ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இது யாருக்கும் சொந்தமில்ல. யாரும் வாசிக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். ஒரே ஒரு வழக்கம். இதுல கை வைக்கவங்க யாருன்னு பேரு சொல்லணும், ஏன்னு காரணம் சொல்லணும். சொல்லாட்டி பொட்டி நகராது."

"எவன் எழுதுனது?"

"போலந்துல ஒரு பஸ் டிரைவர், சிலியில ஒரு கன்னியாஸ்திரி, ஈரோட்டுல ஒரு பல் டாக்டர். இப்படி நானூறு பேரு. ஓரமா நானும் ஒருத்தி."

"பல் டாக்டருக்கு இதுல என்ன சோலி?"

"பல்லு சலிச்சிருக்கும்."

வெள்ளந்தி முழுவதும் நூற்று நாற்பது பக்கம். அதைத் தமிழில் அச்சடித்து, தைத்து, சங்கிலி போட்டு வாசல் பெஞ்சின் காலில் கட்டியிருந்தாள் கிரேஸ்லின். சங்கிலிபூதம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல அங்கங்கே இருபது பக்கங்களைப் பிரித்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எந்த வாக்கியத்தையும் முழுசாகக் கேட்கவில்லை. முக்கால்வாசி வந்ததும் "சரி, வெளங்கிட்டு" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டார். அது அவர் சுபாவம். யார் பேசினாலும் மிச்சத்தை இவர் முடித்துவிடுவார்.

முன்சொல்லியைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். "நான் பேசுதப்ப நடுவுல வந்து பேச அவன் யாருவே?" என்பார்.

கடை நன்றாக நடந்தது. வேடிக்கையும் குறைவில்லாமல் நடந்தது. ஒரு நாள் நிதர்சன் என்று ஒரு பையன், முப்பது வயசிருக்கும், பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வந்தான். ஆறாம் நம்பர் பொட்டியில் 'அன்பே' என்று அடித்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இருபது நிமிஷம். பொறுக்க முடியாமல் சங்கிலிபூதம் அவனைச் சைகை காட்டி வெளியே கூட்டிப்போனார். உள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அந்த மனு செல்லாது.

"என்னவே பாத்துக்கிட்டு இருக்கீரு?"

"அது இன்னும் ஒண்ணும் சொல்லலையே தாத்தா."

"அது ஒண்ணும் சொல்லாது. நீருதான் சொல்லணும்."

"நான் என்ன சொல்ல?"

"நீரு என்ன செஞ்சீரு?"

"அவங்க அம்மா வந்தப்ப மூஞ்சிய…"

"தூக்கி வச்சுக்கிட்டீராக்கும். போய் அத எழுதும்."

பையன் யோசித்தான். "இல்ல தாத்தா. மூஞ்சியக் கழுவிட்டு வாரேன்னு போனவன் ரெண்டு நாளு வரல."

சங்கிலிபூதம் கொஞ்சம் வெட்கப்பட்டார். அதிக நேரம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பிரமாச்சி படியேறி வந்தாள். சங்கிலிபூதத்தின் பெண்டாட்டி. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு கடையத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனவள். சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவருக்கு விளங்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் எதற்கு என்றாவது தெரிந்திருக்கும். போய்க் கூப்பிடலாம்தான். கூப்பிட்டு அவள் வரமாட்டேன் என்றால்? அதனால் நாலு மாதமும் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, தானாக வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டாள். கையில் கோர்ட் பாரத்தோடு.

வாசலில் டோக்கன் கொடுக்கிற பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே நின்றாள்.

"ஒரு மனு எழுதணும். அது வந்து…"

"பிரிவு மனுதான. தெரியும்."

"அதில்ல, நான்…"

"எனக்கு வெளக்கம் சொல்ல வேண்டாம். சட்டப்படி நான் கேக்கக்கூடாது. நாலாம் நம்பர். போய் உக்காரு."

பிரமாச்சி அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். போனையும் கண்ணாடியையும் வாசல் தட்டில் வைத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பொட்டிகள் எல்லாம் சுவரைப் பார்த்து இருக்கும். எழுதுகிறவர்களின் முதுகு மட்டும்தான் அவர் மேஜைக்குத் தெரியும். நாலாம் நம்பரில் அவள் முதுகு. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்த முதுகு. அதைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? சாயங்காலம் ஐந்து மணிக்குள் மனு எதிரே கோர்ட்டுக்குப் போய்விடும். போனால் போனதுதான். கடையம் கடையமாகவே இருந்துவிடும்.

அப்போது நகல் வாங்குவதற்குக் கிரேஸ்லின் வந்தாள். அவளை வாசலுக்கு இழுத்துப் போனார்.

"தாயி, ஒரு பொட்டி திரை தகராறு பண்ணுது. என் மேஜையிலருந்தே பாக்க வழி உண்டுன்னு ஒரு நாளு சொன்னியே."

"ரிப்பேர் பாக்கதுக்கு. ஆளு உக்காந்திருக்கப்ப பாக்கக்கூடாது. எந்தப் பொட்டி?"

"நாலு."

கிரேஸ்லின் எட்டிப் பார்த்தாள். "அது மதினி இல்லா?"

"யாரா இருந்தா என்ன? பொட்டி தகராறு."

"பொட்டியா தகராறு?" என்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, புத்தகத்தை எடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து, மெதுவாக, தேவாலயத்தில் வாசிப்பதுபோல, அவர் காதோடு வாசித்தாள். "'பார் என்று அடித்து, பொட்டியின் எண்ணை அடிக்கவும். யார் என்றும் ஏன் என்றும் கேட்கும். பதில் கொடுத்தபின் அந்தப் பொட்டியின் திரை உங்கள் திரையில் தெரியும். அவ்வாறு பார்க்கும்போது, பார்க்கப்படுகிற…'"

"போதும் தாயி. வெளங்கிட்டு."

"இன்னும் ஒரு வரி இருக்கு அண்ணாச்சி. முழுசா கேட்டுருங்க."

"வெளங்கிட்டுன்னு சொல்லுதேம்லா. நீ போ, ஒனக்கு நேரமாவுது."

"சரி" என்றாள் கிரேஸ்லின். புத்தகத்தை மூடினாள். சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனாள்.

சங்கிலிபூதம் தன் மேஜையில், ஒன்றாம் நம்பர் பொட்டியின் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் 'பார் 4' என்று அடித்தார்.

யார்? என்றது வெள்ளந்தி.

'சங்கிலிபூதம்' என்று அடித்தார். அதில் அவருக்குத் தயக்கமில்லை.

ஏன்?

இங்கேதான் தடுக்கியது. 'பொட்டியைப் பராமரிப்பதற்காக' என்று அடிக்க நினைத்தார். ஒரு விரல் வேகத்துக்கு அது ஐந்து நிமிஷ வேலை. நாலாம் நம்பரில் பிரமாச்சி ஏற்கெனவே அடிக்க ஆரம்பித்துவிட்டாள், தோள் அசைவது தெரிகிறது. ஐந்து நிமிஷத்தில் முதல் வரி போய்விடும். சுருக்கமாக ஒன்று வேண்டும். அவசரத்தில் பொய் கைக்கு வரவில்லை. வந்ததை அடித்தார்.

'பயமா இருக்கு.'

எவன் பார்க்கப் போகிறான்!

திரை ஒரு தடவை துள்ளியது. பிறகு நாலாம் நம்பர் அவர் முன்னால் வந்து நின்றது. வெள்ளந்தியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருக்கும். ஒரு வரிக்கு இருபது எழுத்து.

மனுதாரர்: பிரமாச்சி.

வசிக்கும் இடம்: இப்போதைக்குக் கடையம்.

இப்போதைக்கு! அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டு மென்றார். பிறகு எங்கே? பெங்களூரில் மகள் வீட்டுக்கா?

சொல்ல விரும்புவது: நான் முப்பத்தெட்டு வருஷமா

கர்ஸர் நின்று துடித்தது. கஷ்டப்பட்டேன், என்று மனசுக்குள் முடித்தார். இல்லை, சீரழிந்தேன். அவள் அடித்தாள்.

பேசாம இருந்திருக்கேன்.

சங்கிலிபூதம் திரையை நெருங்கி உட்கார்ந்தார். குற்றப் பத்திரிகை ஆரம்பமாகிவிட்டது. அடுத்த வரி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தது.

ஏங்க, கண்ணாடி போட்டுருக்கீங்களா? எழுத்து தெரியுதா?

அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். அவள் முதுகு அப்படியே இருந்தது. திரும்பவில்லை.

எம் பொட்டி மேல உங்க பேரு நிக்கு. பாக்கவங்க பேரு, பாக்கப்படுத பொட்டியில தெரியுமாம். காரணமும் எழுதியிருக்கு. பயமா இருக்குன்னு.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி அதுதான்.

'அது ரிப்பேருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தார். எதிர்ச் சுவரில் அவரே எழுதித் தொங்கவிட்ட பலகை இருந்தது. பேசக்கூடாது. சுற்றிலும் ஐந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்தால் ஐந்து மனுவும் போச்சு. பதிலை அடிக்கலாம் என்று விரலை வைத்தார். வெள்ளந்தி அசையவில்லை. பார் என்றால் பார்ப்பதுதான். பார்க்கிறவன் பேச அதில் வழியே வைக்கவில்லை அந்த பஸ் டிரைவர்.

பிரமாச்சி அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து, ஒரு எழுத்து.

நீங்க என்ன நெனச்சீங்களோ, நான் ஏன் போனேன்னு. சொல்லுதேன். தங்கச்சி போன்ல எப்படி இருக்கன்னு கேட்டா. நான் வாயத் தொறக்கதுக்குள்ள நீங்க அடுப்பங்கரையிலருந்து நல்லாருக்கான்னு சத்தம் போட்டீங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்.

அவருக்கு அந்தக் காய்ச்சல் ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும்? அவள் சொல்லவே இல்லையே.

முட்டிய டாக்டர்கிட்ட காட்டப் போனோம். எங்க வலிக்குன்னு என்னயத்தான் கேட்டாரு. நீங்க வலது முட்டின்னீங்க. எனக்கு இடது. இல்ல டாக்டர்னு ஆரம்பிச்சேன். இல்ல டாக்டர், ரொம்ப நாளா வலிக்குன்னு நீங்களே முடிச்சீங்க. ரெண்டு மாசம் வலது முட்டிக்குத் தைலம் தேச்சேன். நல்ல தைலம்.

அந்த 'நல்ல தைலம்' அவரை என்னமோ செய்தது. சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது, வேறு எதுவோ மாதிரியும் இருந்தது.

உங்க பொட்டி எல்லாம் நல்ல பொட்டிங்க. பாதியில நிறுத்துனா பாதியிலயே நிக்கு. இது எங்க வீட்டுல இருந்திருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்.

கர்ஸர் துடித்தது. சங்கிலிபூதம் அடுத்த வாக்கியத்தை மனசுக்குள் முடிக்கப் பார்த்தார். வரவில்லை. இதற்குமேல் அவள் என்ன சொல்வாள் என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அது ஒரு மாதிரி, படிக்கட்டு இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தால் இல்லாதது மாதிரி இருந்தது.

பயம்னு நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. கோவம்னே நெனச்சேன். முப்பத்தெட்டு வருஷமா நீங்க குறுக்க வந்தப்பல்லாம், இவருக்கு என் பேச்சு பிடிக்கல, கோவம்னு நானா முடிச்சுக்கிட்டேன். கேக்கல. நானும் தப்பாத்தான் முடிச்சிருக்கேன் போல.

பிறகு அவள் அழிக்க ஆரம்பித்தாள். கடைசி எழுத்திலிருந்து பின்னாலேயே. வெள்ளந்தியில் மொத்தமாக அழிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான். தைலம் போயிற்று. காய்ச்சல் போயிற்று. கண்ணாடி போயிற்று. கால் மணி நேரம் அவர் தன் கல்யாண வாழ்க்கை எழுத்தெழுத்தாகத் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. நான் முப்பத்தெட்டு வருஷமா பேசாம இருந்திருக்கேன்.

அதற்கு மேலே போய், தலைப்பை அடித்தாள்.

தன்சொல் நிலையம் நடத்த உரிமம் கேட்டு மனு.

சங்கிலிபூதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். அதேதான் இருந்தது.

நான் முப்பத்தெட்டு வருஷமா பேசாம இருந்திருக்கேன். அடுத்தவங்க பேச்சுல ஒரு தடவகூடக் குறுக்க போனதில்ல. இந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான தகுதி இதுதான்னு நெனைக்கேன். படிப்பு எட்டாம் வகுப்பு. இந்தப் பொட்டிகள வீட்டு முற்றத்துல வச்சு அவரு பிரிச்சு மாட்டுறத நாலு வருஷம் பக்கத்துலருந்து பாத்திருக்கேன். இருவது நாளா அம்பாசமுத்திரத்துல ஒரு எடம் பேசி வச்சிருக்கேன்.

பிரிவு மனுவே இல்லை. அதைத்தான் காலையில் சொல்ல வந்திருக்கிறாள். 'அதில்ல' என்றுகூடச் சொன்னாள்.

நடத்த விரும்பும் இடம்:

அதில் கர்ஸர் நின்றது. அவள் அதை நிரப்பவில்லை. அதற்குக் கீழே இறங்கி வேறு ஒன்று அடித்தாள்.

நீங்க பாத்தது இந்த மனுவோட அடியில அச்சாகும். ஆளு இருக்கப்ப பாத்தா ஒரு வருஷம் உங்க உரிமம் போயிரும். எனக்குத் தெரியும், உரிமப் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன். அச்சடிக்காம இப்பவே அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது. நாளைக்கு வந்து புதுசா எழுதுதேன். அம்பாசமுத்திரம்னு. அழிக்கட்டா, வேண்டாமா?

அடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். நேருக்கு நேர் அவரைப் பார்த்தாள்.

ஒன்பது பொட்டி. ஒவ்வொன்றையும் அவர் கையால் தூசி தட்டி, பழைய கெப்பாசிட்டரைப் பிடுங்கி, புதுசு பற்றவைத்து எழுப்பியது. இவற்றுக்கு வாங்கிய உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் படித்து வாங்கிய ஒரே காகிதம் அது. சரி என்று தலையை ஆட்டினால் அது மிஞ்சும். வழக்கமான சங்கிலிபூதமாக இருந்தால் இந்நேரம் அவள் ஏன் இப்படிக் கேட்கிறாள், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, தங்கச்சி சொல்லிக்கொடுத்தாளா என்று பத்துக் கணக்குப் போட்டிருப்பார். ஒரு கணக்கும் வரவில்லை. அழித்துவிட்டால் அவர் எழுதிய இரண்டு சொல்லும் சேர்ந்து அழியும், அது மட்டும்தான் தெரிந்தது.

வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் சரியாகப் பார்த்தாளோ என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவையும் அசைத்தார்.

பிரமாச்சி திரும்பிக்கொண்டாள். கேள்வியை அழித்தாள். அம்பாசமுத்திரத்தைப் பற்றிய வரியையும் அழித்தாள். மேலே போய் இடத்தை நிரப்பினாள்.

பாளையங்கோட்டை. குடும்ப நீதிமன்றத்துக்கு எதிரே. ஒரு வருஷத்துக்கு அங்க ஆளு இருக்காது.

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு துப்பியது. அடியில் வழக்கமான வரிகள். எடுத்துக்கொண்ட நேரம் மூன்று மணி பத்து நிமிஷம். அழித்த எழுத்துகள் ஆயிரத்துச் சொச்சம். பார்த்தவர் சங்கிலிபூதம். காரணம், பயமா இருக்கு.

அந்த வாரமே தன்சொல் உரிமங்களைப் பார்க்கிற ஆய்வாளர் வந்தார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"என்னய்யா இது? பயமா இருக்குன்னா? இது ஒரு காரணமா?"

"அதுதாம்யா காரணம்."

"எதுக்குப் பயம்?"

சங்கிலிபூதம் வாயைத் திறந்தார். ஆய்வாளரே முடித்தார். "சட்டத்துக்குப் பயந்திருந்தா இதச் செஞ்சிருக்க மாட்டீரு."

"அதில்லய்யா" என்றார் சங்கிலிபூதம். ஆய்வாளர் காதில் அது விழவில்லை, முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படிப் பாதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. நன்றாக இல்லை.

வெள்ளந்திக்காரர்களுக்குக் கிரேஸ்லின் எல்லாவற்றையும் எழுதிப் போட்டிருப்பாள் போலிருக்கிறது. அடுத்த பதிப்பில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி முதல் வரியாக ஏறிவிட்டது. ஓரத்தில், மாற்றியவர் கிரேஸ்லின், காரணம், பாளையங்கோட்டையில் ஒருத்தருக்காக, என்று இருக்கும். போலந்து பஸ் டிரைவர் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். என் மனைவியும் இதையே சொல்கிறாள் என்று.

இரண்டு மாதத்தில் பிரமாச்சிக்கு உரிமம் வந்தது. பழைய சட்டத்தைக் கழற்றி அதிலேயே புதுக் காகிதத்தை மாட்டினார் சங்கிலிபூதம். கண்ணாடியைத் துடைத்ததும் அவர்தான். உள்ளே மேஜையில் அவள். வெளியே டோக்கன் பெஞ்சில் அவர். பொட்டி பழுதானால் மட்டும் உள்ளே போகலாம், அதுவும் அவள் கூப்பிட்டால். வருகிறவர்கள் அவரிடம் யோசனை கேட்பார்கள், "நான் என்ன எழுத தாத்தா?" என்று. "உள்ள போய் உக்காரும்" என்பார். அதற்கு மேல் பேச அவருக்கு நாக்கு துறுதுறுக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு இரண்டு குடம் காலியாயிற்று.

பிரமாச்சி அப்போதும் கடையத்திலிருந்துதான் வந்து போனாள். காலை எட்டரை பஸ், சாயங்காலம் ஆறு மணி பஸ். வீட்டுக்கு வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டால் பதிலையும் தானே சொல்லிவிடுவோம் என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், உள்ளே ஆள் இல்லாத நேரம். அவள் வெளியே வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது முட்டியைத் தடவிக்கொண்டே தெருவைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எனக்கு…" என்றாள். நிறுத்திவிட்டாள்.

வேண்டுமென்றே நிறுத்தினாளா, மூச்சு வாங்கினாளா? சங்கிலிபூதம் பற்களை இறுக்கிக்கொண்டார். ஒரு ஆட்டோ போயிற்று. ஒரு வக்கீல் போனார். இன்னொரு ஆட்டோவும் போயிற்று. முடிக்க வேண்டிய வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்று இடித்தது. விழுங்கினார்.

"…கூட்டாஞ்சோறு திங்கணும்போல இருக்கு. மெஸ்ஸுல இல்ல, வீட்டுல. முருங்கக்கீர வாங்கிப் போடுங்க, நான் ஆறு மணிக்கு அடுப்பு பத்த வைக்கேன்."

அவர் நினைத்தது வேறு. என்ன நினைத்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மார்க்கெட்டுக்கு நடந்தார். கீரைக்காரியிடம் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு கொத்தாகச் சந்தேகப்பட்டு, மூன்று கட்டு வாங்கினார்.